கைக்கு அடக்கமான விலையில் அட்ஜஸ்டபிள் ஷாக்: எதைப் பார்த்து எடுப்பது?

மூணாங்கியர்:

வணக்கம். வண்டி முன்சக்கர இயக்கம் கொண்ட ஹாட் ஹேட்ச்பேக். எடைமேடையில் முன் அச்சு 780 கிலோ, பின் அச்சு 500, மொத்தம் 1,280. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக), பின்னால் மல்டிலிங்க். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. எலக்ட்ரானிக் டேம்பிங் (டேம்பிங் என்றால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்குவது) கிடையாது.

25 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் ஏற்கெனவே போட்டாச்சு. ஸ்பிரிங் ரேட், அதாவது 1 மி.மீ. அழுத்தத் தேவைப்படும் விசை, முன் 30 நியூட்டன்/மி.மீ. (ஒரிஜினல் 24), பின் 45 (ஒரிஜினல் 38). ஷாக் நான்கும் கம்பெனியில் வந்தவை, 90,000 கி.மீ. ஓடியவை. பின் இடதில் எண்ணெய் வழிகிறது. மேடு இறங்கினால் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடித்தான் நிற்கிறது.

பெரும்பாலும் அன்றாட ஓட்டம், வருஷத்துக்குச் சில டிராக் நாட்கள். கே.டபிள்யூ. வி3, ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக் மாதிரி செட்டுக்கெல்லாம் பட்ஜெட் இல்லை; அதில் பாதிக்குள் முடியணும். பார்த்து வைத்திருப்பவை: கோனி மஞ்சள், டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் (நாபில் 16 கிளிக், அதாவது 16 நிலை), பி.சி. ரேசிங் பி.ஆர். (30 கிளிக்), அட்ஜஸ்ட்மெண்டே இல்லாத பில்ஸ்டைன் பி8.

கேள்விகள்: கிளிக் அதிகமா இருந்தா நல்லதா? கோனியில் ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது வரும் டேம்பிங்) மட்டும்தான் மாறும் என்கிறார்கள், அது போதுமா? இந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே ஷாக் மட்டும் மாற்றலாமா, இல்லை முழு காயில்ஓவர் செட்டா (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வருவது)?

பிஸ்டன்ராடு:

கிளிக் எண்ணிக்கையை முதலில் ஓரம் கட்டுங்கள். நாபைத் திருப்பும்போது உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ராடின் நடுவே ஒரு ஊசி இறங்கி, எண்ணெய் கசிந்து போகும் சின்ன வழியை அடைக்கிறது. பிஸ்டன் மெதுவாக நகரும்போது, அதாவது வினாடிக்கு 0.1 மீட்டர் அளவில், எண்ணெய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். வளைவில் சாய்வது, பிரேக்கில் மூக்கு இறங்குவது, மேடு தாண்டி ஆடுவது எல்லாம் இந்த வேகத்தில் நடப்பவை. சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது பிஸ்டன் வேகம் அதைவிடப் பல மடங்கு. அங்கே வேலை செய்வது பிஸ்டன் மேல் அடுக்கியிருக்கும் ஷிம் தகடுகள். நாப் அவற்றைத் தொடுவதே இல்லை. ஆகவே பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கும் ஷாக்கை நாபைக் குறைத்துச் சரி செய்துவிடலாம் என்று நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஊசி முனை கூம்பு வடிவம். முழுவதும் மூடிய நிலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கிளிக்கும் பெரிய மாற்றம் தரும். ஓரளவு திறந்துவிட்டால் அடுத்தடுத்த கிளிக்குகளில் வித்தியாசமே தெரியாது. 30 கிளிக் என்றால் 30 விதமான ஷாக் என்று அர்த்தமில்லை. 4 நிலை மட்டும் உள்ள நல்ல ஷாக், 30 நிலை உள்ள சுமாரான ஷாக்கைவிட மேல்.

பார்க்க வேண்டியது: உங்கள் ஸ்பிரிங்குக்குத் தேவையான டேம்பிங், அந்த ஷாக்கின் எல்லைக்குள், முடிந்தால் நடுவில், விழுகிறதா? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முன் சக்கரம் ஒன்றின் மேல் 390 கிலோ. சக்கரம், பிரேக், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதை 40 கிலோ என்று கழித்தால் 350. ஸ்ட்ரட்டுக்கு மோஷன் ரேஷியோ (சக்கரம் 1 மி.மீ. ஏறினால் ஸ்ட்ரட் சுருங்கும் அளவு) சுமார் 0.95, அதை வர்க்கமாக்கி 30-ஆல் பெருக்கினால் சக்கரத்தில் 27 நியூட்டன்/மி.மீ. இயல் அதிர்வெண், அதாவது வண்டி தானாக ஆடும் வேகம், வினாடிக்கு 1.4 தடவை (1.4 ஹெர்ட்ஸ்). கிரிட்டிகல் டேம்பிங் (ஒரு தடவைகூட ஆடாமல் நிற்கத் தேவையான அளவு) என்பது 2 × √(27,000 × 350), அதாவது ஏறக்குறைய 6,150 நியூட்டன்·வினாடி/மீட்டர். விறுவிறுப்பாக ஓட்டும் காருக்கு மெதுவேகத்தில் அதில் 65 சதவீதம் நல்ல இலக்கு: சக்கரத்தில் 4,000. ஷாக்குக்கு மாற்ற மறுபடி 0.95-இன் வர்க்கத்தால் வகுத்தால் 4,430. வினாடிக்கு 0.1 மீட்டரில் சராசரி 440 நியூட்டன். ரீபவுண்ட், கம்ப்ரஷனைப் (ஷாக் சுருங்கும்போது வரும் டேம்பிங்) போல இரு மடங்கு என்று பிரித்தால் ரீபவுண்ட் 590, கம்ப்ரஷன் 295 அருகில் வரும்.

விற்பவரிடம் டைனோ வரைபடம் (எந்த வேகத்தில் ஷாக் எவ்வளவு விசை தருகிறது என்று சோதித்த படம்) கேளுங்கள். 0.1 மீட்டர் வேகத்தில் மிக மென்மையான நிலையிலிருந்து மிகக் கடினமான நிலை வரை இந்த 590 எங்கே விழுகிறது என்று பாருங்கள். மென்மையான நிலையிலேயே 900 காட்டும் ஷாக் உங்கள் ஸ்பிரிங்குக்கு ஆகாது. கடினமான நிலையில் 500 மட்டுமே வருவதும் ஆகாது. வரைபடம் தர மறுப்பவரிடம் கிளிக் எண்ணிக்கையைத் தவிர விற்க வேறொன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் தெரியும். தேவையான டேம்பிங், ஸ்பிரிங் ரேட்டின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 24-லிருந்து 30 என்பது 25 சதவீதம் கூடுதல். டேம்பிங் தேவை கூடுவது 12 சதவீதம்தான். உங்கள் வண்டி இப்போது ஆடுவதற்குப் புது ஸ்பிரிங்கைவிட, தேய்ந்துபோன ஷாக்தான் முக்கியக் காரணம். கம்பெனி ஷாக் பொதுவாகவே மென்மைப் பக்கம் இருக்கும். அதுவும் தேய்ந்தால் இப்படித்தான் ஆடும்.

முழு செட் காயில்ஓவர் எடுத்தால் கூட வரும் ஸ்பிரிங் என்ன ரேட் என்று முதலில் பாருங்கள். முன்னால் 8 கிலோ/மி.மீ. என்று போட்டிருந்தால் அது 78 நியூட்டன்/மி.மீ.; உங்கள் முன்பக்கம் 2.3 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். அது ஸ்லிக் டயர் போட்ட டிராக் வண்டியின் எண். நாபை எவ்வளவு குறைத்தாலும் ஸ்பிரிங் இளகாது. கடினமான ஸ்பிரிங்கில் டேம்பிங்கையும் குறைத்தால் வண்டி குதிரை மாதிரி துள்ளும். "சாஃப்ட்டில் வைத்தாலும் முரடாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ரீபவுண்ட் மட்டும் மாறுவது போதுமா? உங்கள் தேவைக்குப் போதும். சரியான கம்ப்ரஷனை வால்விலேயே அமைத்துவிட்டு ரீபவுண்டை மட்டும் நம் கையில் விடுவது ஒரு குறை அல்ல. கே.டபிள்யூ. வி2 கூட அப்படித்தான். மாறாக ஒரே நாபில் இரண்டும் சேர்ந்து மாறும் வகையில், வளைவில் உடம்பு ஆடாமல் இருக்க ரீபவுண்ட் ஏற்றினால் கம்ப்ரஷனும் கூடவே ஏறி ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். பி.ஆர். இந்த வகை. அதற்காக அது மோசம் என்றில்லை, சமரசம் எங்கே என்று தெரிந்து வாங்க வேண்டும்.

என் தேர்வு: உங்கள் காருக்கு நான்கு மூலைக்கும் கிடைத்தால் கோனி மஞ்சள், இதே ஸ்பிரிங்கோடு. உயரமும் மாற்ற வேண்டும் என்றால் எஸ்.டி. எக்ஸ்.ஏ. பாருங்கள். கே.டபிள்யூ.வின் துணை பிராண்ட். ரீபவுண்ட் மாறும், உயரம் மாறும், உடல் மட்டும் ஸ்டெயின்லெஸ் இல்லாமல் துத்தநாகப் பூச்சு. பட்டியலில் இது இல்லாததுதான் ஆச்சரியம்.

ஸ்பானர்செட்:

அண்ணன் மேலே சொன்ன கணக்கு சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுக்கணும்: டிராவல். எந்த ஷாக் வாங்கினாலும் அது மேல போக இடம் இல்லேன்னா வால்வைப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்லை.

கம்பெனி ஸ்ட்ரட்டுக்கு மொத்த ஸ்ட்ரோக் 160 மி.மீ., வண்டி நிக்கும்போது மேல 80, கீழ 80ன்னு வச்சுக்குங்க. 25 தாழ்த்தினா, 0.95 ரேஷியோவுக்கு ஸ்ட்ரட்டுல 24 போகும், மேல மிச்சம் 56. அந்த 56க்குள்ளதான் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் கடைசி வரைக்கும் போய் இடிக்காம தடுக்கிற ரப்பர்) உட்கார்ந்திருக்கு. அதோட நீளமே 50, 60 மி.மீ. இருக்கும். அப்படின்னா வண்டி சும்மா நிக்கும்போதே ராடு பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. லேசா ஒரு மேடு வந்தாலும் ஸ்பிரிங் ரேட் திடீர்னு எகிறும். நிறைய பேர் இதை "ஷாக் கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்லி நாபைக் குறைச்சுக்கிட்டே இருப்பாங்க.

உங்க வண்டியில எவ்வளவு மிச்சம்னு பாக்க: டஸ்ட் பூட்டை (ராடை மூடுற உறை) மேல தூக்கி, ஷாக்கோட பாடிக்கு ஒட்டின மாதிரி ராடுல ஒரு பிளாஸ்டிக் டை கட்டுங்க, இறுக்கமா வேணாம், தள்ளினா நகரணும். எப்பவும் போற ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வாங்க. டை எவ்வளவு மேல போயிருக்கு, பம்ப் ஸ்டாப் எங்க இருக்குன்னு டேப் வச்சு அளந்தா கதை தெரிஞ்சிடும். பின்னாலயும் அதே மாதிரி.

தாழ்த்தின ஸ்பிரிங்குக்கு உடம்பு குட்டையான ஷாக் வேணும். பி8 அதுக்குன்னே செஞ்சது. பி6 வாங்கிடாதீங்க, அது ஒரிஜினல் உயரத்துக்கு. கோனி மஞ்சள்ல உங்க கார் லிஸ்ட்டுல எவ்வளவு தாழ்வு வரைக்கும்னு பாருங்க. நிறைய மாடல்ல ஸ்பிரிங் தட்டுக்கு ரெண்டு மூணு சர்க்கிளிப் (தட்டைத் தாங்குற வளையக் கிளிப்) பள்ளம் இருக்கும். தாழ்த்துற ஸ்பிரிங்கோட போடும்போது தட்டை மேல் பள்ளத்துல வைங்க. கீழ் பள்ளத்துலயும் வச்சு ஸ்பிரிங்கும் தாழ்ந்தா மறுபடி பம்ப் ஸ்டாப் மேலதான் உட்காரும்.

பம்ப் ஸ்டாப் வெட்டலாமான்னு அடுத்த கேள்வி வரும். ஷாக் செய்தவன் வெட்டச் சொல்லியிருந்தா மட்டும், சொன்ன அளவுக்கு. குறுகலான முனையை வெட்டாதீங்க, மெதுவா ஆரம்பிச்சு இறுகுறதுக்குத்தான் அந்த வடிவம். பில்ஸ்டைன் மாதிரி தலைகீழ் மோனோ ட்யூப் (ஒரே குழாய்) ஸ்ட்ரட்டுல பம்ப் ஸ்டாப் உள்ளேயே இருக்கும். பழசையும் மேல மாட்டினா டிராவல் போச்சு.

கீழ்ப் பக்கமும் பாருங்க. ஜாக்கியில தூக்கி சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தட்டை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா ஹெல்பர் ஸ்பிரிங் (தளர்வை எடுக்கிற சின்ன ஸ்பிரிங்) வேணும், இல்லேன்னா ஷாக் ரொம்ப நீளம்.

மூணாங்கியர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டை கட்டிப் பார்த்தேன், முன்னால் பம்ப் ஸ்டாப்பில் நன்றாகவே போய் இடிக்கிறது. ஒரு சந்தேகம்: பின்பக்கத்துக்கும் அதே கணக்கு போட ஸ்பிரிங்கும் ஷாக்கும் வேற வேற இடத்தில் இருக்கிறதே, எந்த ரேஷியோ எடுப்பது? அப்புறம் மோனோ ட்யூப், ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்) சண்டையில் யார் பக்கம் நிற்பது?

பிஸ்டன்ராடு:

இரண்டு ரேஷியோ. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் 50 மி.மீ. ஏற்றுங்கள். ஷாக் எவ்வளவு சுருங்கியது, ஸ்பிரிங் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று தனித்தனியாக அளந்து, 50-ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு ஸ்பிரிங் 0.7, ஷாக் 0.85 என்று வந்தால்: 45 × 0.49 = சக்கரத்தில் 22 நியூட்டன்/மி.மீ. பின் சக்கரம் ஒன்றின் 250-இல் 35 கழித்த 215 கிலோவுக்கு 1.6 ஹெர்ட்ஸ். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று மேலே இருப்பது நல்லதே; மேடு தாண்டும்போது பின்பக்கம் பிந்தித்தான் ஏறுகிறது, வேகமாக ஆடினால் முன்பக்கத்தோடு வந்து சேர்ந்துகொள்ளும். 65 சதவீதத்துக்கு ஷாக்கில் 0.1 மீட்டரில் சராசரி 390 நியூட்டன் பக்கம் வரும்.

மோனோவா ட்வினா என்பதில், உங்கள் உபயோகத்துக்கு இரண்டும் ஓடும். மோனோ ட்யூபில் 20, 30 பார் அழுத்தத்தில் நைட்ரஜன், மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் தனியாக இருக்கும். எண்ணெயோடு கலக்காது, நுரைக்காது. உடல் நேரடியாகக் காற்றில் படுவதால் சூடும் இறங்கும். ஆனால் கேஸ் அறையும் உடலுக்குள்ளேயே இடம் பிடிக்கும், அதே நீளத்தில் ஸ்ட்ரோக் குறையும். ஒரு கல் பட்டு உடல் நெளிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பலரும் கவனிக்காதது கேஸ் அழுத்தம் ராடைத் தள்ளும் விசை. 14 மி.மீ. ராடு, 20 பார் என்றால் 308 நியூட்டன் எப்போதும் காரை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன பின்பக்கத்தில் அது 12 மி.மீ. உயரம். குறைந்த அழுத்த ட்வின் ட்யூபைக் கழற்றி மோனோ போட்டதும் "வண்டி உயர்ந்துவிட்டதே, ஸ்பிரிங் தப்போ" என்று குழம்புவது இதனால்தான்.

டிராக்டே:

கோனிக்கு எல்லாரும் ஒரே குரலில் ஓட்டு போடுகிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பக்கமும் சொல்கிறேன்.

டிராக் நாட்கள் கூடக்கூட ஸ்பிரிங் ரேட், உயரம், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மூன்றையும் மாற்றத் தோன்றும். கோனியோடு தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டவர் அப்போது எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டும். பி.ஆர். மாதிரி செட்டில் மேல் மவுண்ட்டிலேயே முன் கேம்பர் மாற்றும் தட்டு பல கார்களுக்கு வருகிறது; ஸ்பிரிங்கும் நேர்விட்டமுள்ள சாதாரண அளவு, அடுத்த ரேட் வாங்குவது சுலபம். ஆர்டர் தரும்போதே முன் 5 கிலோ/மி.மீ., பின் அதற்கேற்ப என்று மென்மையான ஸ்பிரிங் கேட்கலாம். 8 கிலோவைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்புபவர்கள் கேட்காமல் வாங்கியவர்கள்.

ரீபில்ட் விஷயமும் இருக்கிறது. பி.ஆர். பிரித்து சீல், எண்ணெய், கேஸ் மாற்றக்கூடியது. ஷிம் அடுக்கையும் உங்கள் ஸ்பிரிங்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம். ஃப்ளெக்ஸ் இசட் சீல் செய்யப்பட்டது, பிரிக்க முடியாது. போனால் அந்த ஒரு ஷாக்கை மட்டும் புதிதாக வாங்கிப் போடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இரண்டுமே நியாயமான வழி. ஆனால் அக்கம்பக்கத்தில் ஷாக் ரீபில்ட் செய்யத் தெரிந்த கடை இல்லையென்றால் 'ரீபில்ட் ஆகும்' என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் மாற்றும்போது: கீழ் பிராக்கெட்டைச் சுழற்றி உயரம் மாற்றும் வகையில் ஷாக்கின் டிராவல் குறையாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கி உயரம் குறைக்கும் வகையில் மேல் டிராவலைத்தான் விலையாகக் கொடுக்கிறீர்கள். முதல் வகையில் ஸ்பிரிங் தட்டைக் கையால் தளர்வு போகும்வரை திருகி, அதன்மேல் சில மி.மீ. போதும், பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது கட்டுக்கதை, நேர்ரேட் ஸ்பிரிங் நேர்ரேட்டாகவே இருக்கும். மாட்டும் முன்பே திரெட்டில் ஆன்டி-சீஸ் (இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவுங்கள். சேறும் உப்பும் ஏறி இறுகிய வளையத்தைக் கழற்றுவது ஒரு தனித் தண்டனை.

ஸ்பானர்செட்:

டிராக்டே சொல்றது டிராக்குக்கு அடிக்கடி போறவங்களுக்குச் சரி. இவர் கேட்டது அன்றாட வண்டி. கோனியோ எஸ்.டி.யோ, அவர் முடிவு. எதை வாங்கினாலும் மாட்டும்போது கெடுக்காம இருக்கணும், அதான் முக்கியம்.

ராடு மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். ராடு சேர்ந்து சுத்தும், உள்ளே சீலும் அட்ஜஸ்டர் ஊசியும் அடி வாங்கும். சாதாரண ஷாக்குல நடுவுல ஆலன் கீ போட்டு ராடைப் பிடிப்போம். அட்ஜஸ்டபிள்ல அந்த ஓட்டையிலதான் ஊசி இருக்கு. ராடு தலையில தட்டையா சீவியிருக்கிற இடத்தைப் பிடிக்கிற ஸ்பானரோ, நடுவுல துளை உள்ள சாக்கெட்டோ வேணும். பிளையர் வச்சு பளபளப்பான ராடைப் பிடிச்சீங்கன்னா ஒரே கீறல் போதும், சீல் காலி.

ட்வின் ட்யூப் ஷாக் பெட்டியில படுத்த நிலையில வந்திருக்கும், கேஸ் உள் குழாய்க்குள்ள போயிருக்கலாம். மாட்டும் முன்னாடி நிமிர்த்திப் பிடிச்சு முழுசா அழுத்தி, முழுசா இழுத்து நாலஞ்சு தடவை செய்யுங்க. நடுவுல 'லொடக்'குனு வெத்தா விழுற உணர்வு போகணும்.

பழைய மேல் மவுண்ட், பேரிங் 90,000 ஓடியாச்சு, இப்பவே மாத்துங்க. அதே மாதிரி டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப். லாக் நட்டு எல்லாம் புதுசு. கோனி சில கார்களுக்கு முழு ஸ்ட்ரட்டா வராது, உள்ளே போடுற இன்சர்ட்டா வரும். பழைய ஸ்ட்ரட் உடம்பை வெட்டி, அடியில துளை போட்டு போல்ட் போடணும். வெட்டும் முன்னாடி சின்ன ஓட்டை போட்டு கேஸும் எண்ணெயும் வடிச்சிடணும், அழுத்தத்தோட இருக்கும், கண்ணாடி போட்டுக்குங்க. கட்டிங், வெல்டிங் பழக்கம் இல்லாத ஆள் இதைத் தொட வேணாம்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில தொங்கும்போது முழு டார்க்குல இறுக்கினா, கீழே இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், வண்டி உயரமும் தப்பாக் காட்டும். கையால இறுக்கி, சக்கரம் தரையில நின்ன பிறகு கடைசி டார்க். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் கிளிப்பு மறக்காதீங்க. ஸ்ட்ரட்-நக்கிள் போல்ட் துளையில ஆட்டம் இருக்கும், கேம்பர் மாறும், டோவும் (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) கூடவே மாறும். அலைன்மெண்ட் பாக்காம நெடுந்தூரம் ஓட்டினா டயர் உள்விளிம்பு போயிடும். ஹெட்லைட் மட்டமும் ஒரு தடவை பாருங்க.

மூணாங்கியர்:

கோனி முன் பக்கத்துக்கு முழு ஸ்ட்ரட்டாகவே கிடைக்கிறது, மேலே நாப் உண்டு. பின் ஷாக்குக்கு நாப் இல்லை, கழற்றித்தான் மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது எப்படி? முதலில் எந்த நிலையில் வைத்துத் தொடங்குவது?

பிஸ்டன்ராடு:

பின் ஷாக்கை மாட்டும் முன்பே முடிவு செய்து வைத்துவிடுங்கள். கீழ்க் கண்ணை வைஸில் மென்தகடு வைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். டஸ்ட் கவருக்குள் பம்ப் ரப்பர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முழுவதும் அழுந்தாது. ராடை அடிவரை அழுத்தியபடியே மெதுவாக இடப்பக்கம் திருப்பினால் உள்ளே பற்கள் அடிவால்வில் போய்ச் சிக்குவது கைக்குத் தெரியும். அழுத்தத்தை விடாமல் இன்னும் இடப்பக்கம், முட்டும் வரை. அதுதான் மிக மென்மையான நிலை, முரட்டுத்தனம் வேண்டாம். அங்கிருந்து வலப்பக்கம் அரைச் சுற்று அரைச் சுற்றாக எண்ணுங்கள். மொத்தம் சுமார் 5 அரைச் சுற்று. முடிந்ததும் திருப்பாமல் நேராக 1 செ.மீ.க்கு மேல் இழுத்தால் பற்கள் விடுபடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. உங்கள் ஸ்பிரிங்குக்கு ஒரு அரைச் சுற்றில் தொடங்குங்கள். டிராக் போகும் அன்று பின்பக்கத்தைக் கழற்ற மனம் வராது, ஆகவே அன்றாடத்துக்கும் அதற்கும் பொதுவான இடமாகப் பார்ப்பது நல்லது.

முன் நாப்: மென்மையான முனையிலிருந்து கால் பங்கு ஏற்றித் தொடங்குங்கள். திசை நாபிலேயே பொறித்திருக்கும்.

(கிளிக் வகை வாங்குபவர்களுக்கு: எண்ணுவது எப்போதும் கடின முனையிலிருந்து. வலப்பக்கம் மெதுவாக முட்டும் வரை திருப்பி அதை 0 என்று வையுங்கள். அங்கே இரு ஊசிகளும் முழுவதும் மூடியிருக்கும், இடதும் வலதும் சமம். மென் முனையில் ஒன்று 29, ஒன்று 31 என்று நிற்பது சகஜம். முட்டிய பிறகும் இறுக்கினால் ஊசியின் இருக்கை நசுங்கும்.)

டிராக்டே:

ஓட்டிப் பார்க்கும் முறை: டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று சரி செய்துகொள்ளுங்கள், 2 பி.எஸ்.ஐ. வித்தியாசமே டேம்பிங் மாற்றம் போல ஏமாற்றும். கால் மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடான பிறகுதான் மதிப்பிட வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் எந்த ஷாக்கும் முரடாகத் தெரியும். ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு தடவைக்கு ஒரு அச்சு மட்டும். முன் நாபை எட்டில் ஒரு சுற்றாக ஏற்றுங்கள். மேடு இறங்கினால் ஒரே அசைவில் நிற்க வேண்டும். இரண்டாவது ஆட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.

நிறுத்த வேண்டிய இடம் எப்படித் தெரியும் என்றால், வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் வரும் ரோட்டில் முதல் மேடு நன்றாக இருந்து, மூன்றாவது நாலாவதில் இடி அதிகமானால் ரீபவுண்ட் கூடிவிட்டது. சக்கரம் கீழே திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்து, வண்டி படிப்படியாக இறங்கி பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்து ஒரு படி பின்வாங்குங்கள். இதைக் கம்ப்ரஷன் கோளாறு என்று நினைத்து முழு செட்டையே விற்றுவிடுகிறார்கள், பாவம்.

டிராக்கில்: வளைவுக்குள் திருப்பும் நொடியிலும் வெளியேறும் நொடியிலும்தான் ஷாக் பேசும். வளைவின் நடுவில், சாய்வு நிலைத்த பிறகு, முன்பக்கம் நழுவினால் நாபைத் தேடாதீர்கள். அது முன் கேம்பர், டயர் காற்று, பின் ஆன்டி-ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சம்பந்தப்பட்டது. வெளியேறும்போது உள் முன்சக்கரம் சுழன்றால் முன் ரீபவுண்டைக் குறைத்துப் பாருங்கள், சக்கரம் ரோட்டைத் தொடர்ந்து பிடிக்கும். உள்ளே திருப்பும்போது மந்தமாக இருந்தால் பின் ரீபவுண்ட் ஒரு அரைச் சுற்று கூடுதல். ஈர டிராக்கில் முன், பின் ரீபவுண்ட் இரண்டையும் குறைத்துவிடுங்கள்.

ஸ்பானர்செட்:

ஒண்ணு விட்டுப்போச்சு. சில நூறு கி.மீ. ஓடினதும் மேல் நட்டு, நக்கிள் போல்ட்டு டார்க் ஒரு தடவை பாருங்க. ராடுல மெல்லிசா ஈரப்படலம் தெரிஞ்சா பயப்பட வேணாம், சீல் ராடை நனைச்சு வைக்கிறதுதான். உடம்பு மேல கோடா வழிஞ்சு தூசி ஒட்டியிருந்தா மட்டும் வாரண்டிக்குப் போங்க. பில்லோட பின் ஷாக் எத்தனை அரைச் சுற்றுன்னும் எழுதி வைங்க, அடுத்த தடவை கழற்றுறப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது.